மழை ஈரத்தில் டென்னிஸ் ஆட எந்த ஸ்ட்ரிங்? குடலா, நைலானா, பாலியா?

தூறலில் ஆடும்போது முதலில் மாறுவது சத்தம். காய்ந்த பந்து, ராக்கெட்டில் கட்டியிருக்கும் காய்ந்த நரம்பில், அதாவது ஸ்ட்ரிங்கில், படும்போது 'டங்' என்று தெளிவாக ஓர் ஓசை வரும். நாலு கேம் தூறலில் ஆடினால் போதும், அது 'தொப்' என்று ஆகிவிடும். ஒருமுறை அந்தச் சத்தம் மாறியதைக் கேட்டும் நான் நிறுத்தாமல் ஆடினேன். ராக்கெட்டில் இருந்தது நேச்சுரல் கட், அதாவது மாட்டுக் குடலில் செய்த நரம்பு. கட்டி இரண்டு வாரம், அதில் நாலு ஆட்டம் ஆடியிருந்தேன். களிமண் தரை, செட் முடிய இன்னும் இரண்டு கேம், விட மனம் வரவில்லை. முடிந்ததும் துண்டால் துடைத்தபோது நடுவில் இருந்த மெயின்களில், அதாவது நெடுக்கே ஓடும் நரம்புகளில், மெல்லிய வெள்ளை இழைகள் பிரிந்து, நனைந்த பஞ்சு போல ஒட்டிக்கொண்டிருந்தன. விரலால் தடவினால் வழவழப்பு போய்ச் சொரசொரவென்று இருந்தது. அப்படியே உறைக்குள் போட்டு வைத்தேன். மறுநாள் திறந்தால் ஒரு மெயின் தானாகவே அறுந்து கிடந்தது.

அதிலிருந்து ஈரமான நாட்களுக்கு என்ன கட்டுவது என்று தேடித் தேடி, மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்துவிட்டேன். 'எந்த ஸ்ட்ரிங் நனைந்தால் கெடாது?' என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். ஆனால் அது பாதிக் கேள்விதான். ஈர ஆட்டத்தில் ஸ்ட்ரிங்கைவிட அதிகமாக மாறுவது பந்து. கனத்துப்போன அந்தப் பந்தை, கை நோகாமல், எதிர்ப்பக்கக் கோட்டுக்கு அருகில் கொண்டுபோய்ப் போட எந்த ஸ்ட்ரிங் உதவும் என்பது மீதிப் பாதி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் முடிவு சரியாக வரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிமென்ட் தரையோ அக்ரிலிக் பூசிய ஹார்ட் கோர்ட்டோ நனைந்திருந்தால் ஆடாதீர்கள். புல்தரையிலும் அப்படியே. வழுக்கி விழுந்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டால் எந்த ஸ்ட்ரிங்கும் உதவாது. இங்கே நான் பேசுவது களிமண் தரை, மணல் நிரப்பிய செயற்கைப் புல் ஆகியவற்றைப் பற்றி. அவற்றில் லேசான தூறலிலும் ஓரளவு ஆடலாம். அதோடு, மழையே பெய்யாமல் காற்று முழுக்க ஈரமாக இருக்கும் மாலைகள், பனி இறங்கும் இரவு ஆட்டங்கள், நேற்றைய மழையில் ஊறிய தரையில் உருண்டு உருண்டு நனையும் பந்து, இவையும் ஈர ஆட்டம்தான். நம்மில் பலருக்கு நேரடி மழையைவிட இந்த வகை ஈரம்தான் அதிகம் வாய்க்கிறது.

பந்துக்கு என்ன ஆகிறது?

பந்தின் எடை 56.0 கிராம் முதல் 59.4 கிராம் வரை இருக்கவேண்டும் என்பது விதி. அந்த எடையைச் சோதிப்பது சுமார் 20 டிகிரி வெப்பத்திலும் 60 சதவீத ஈரப்பதத்திலும். அதாவது விதிப்புத்தகத்துப் பந்து ஒரு காய்ந்த அறைப் பந்து. வெளியே வந்ததும் அதன் மேலுள்ள ஃபெல்ட், அதாவது மயிர்த் துணி உறை, தன் வேலையைக் காட்டும். ஃபெல்ட்டில் கம்பளியும் நைலானும் கலந்திருக்கும். கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் வரை ஈரத்தை உள்ளே இழுத்தாலும் தொட்டால் நனைந்த மாதிரி தெரியாது. நேரடியாகத் தூறல் பட்டால் கேட்கவே வேண்டாம். மயிர் உப்பி, பந்து பெரிதாகி, கனத்து, காற்றில் மெதுவாகிவிடும். தரையில் பட்டால் எழும்பாது. குளிரும் சேர்ந்துகொண்டால் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் குறைந்து இன்னும் செத்துப்போகும்.

இது எவ்வளவு தூரம் ஓர் ஆட்டத்தைத் திருப்பும் என்பதற்கு 2012 பிரெஞ்ச் ஓபன் இறுதி ஆட்டத்தைப் பார்த்தால் போதும். நடால் முதல் இரண்டு செட்டை 6-4, 6-3 என்று எடுத்து, மூன்றாவதிலும் 2-0 என்று முன்னால் இருந்தார். மழை வலுக்க வலுக்கப் பந்து கனத்தது. அவருடைய டாப்ஸ்பின், அதாவது முன்னோக்கிச் சுழலும் பந்து, உயரமாகத் துள்ளுவதை நிறுத்திவிட்டது. தோளுக்கு மேலே வரவேண்டிய பந்து ஜோகோவிச்சின் இடுப்புக்கு நேராக, அடிக்க வாகாக வந்தது. ஜோகோவிச் வரிசையாக எட்டு கேம் எடுத்தார். பிறகு ஆட்டத்தை நிறுத்தி மறுநாளுக்குத் தள்ளினார்கள். ஜூன் 11 அன்று நடால் நான்காவது செட்டை 7-5 என்று முடித்தார். களிமண்ணில் அவரைவிடப் பெரிய ஆட்டக்காரர் கிடையாது. ஈரம் அவரையே எட்டு கேமுக்குக் கட்டிப்போட்டது என்றால் நமக்கு எப்படி இருக்கும்!

ஆக, ஈரத்துக்கான ஸ்ட்ரிங்கிடம் நான் எதிர்பார்ப்பது முதலில் ஆழம், அதாவது பந்து நெட்டைத் தாண்டி சர்வீஸ் கோட்டிலேயே செத்து விழாமல் பின்கோடு வரை போகவேண்டும். அப்புறம் கை நோகக்கூடாது. நீரில் கெடாமல் இருப்பதை மூன்றாவதாகத்தான் வைப்பேன்.

தண்ணீர் ஸ்ட்ரிங்கில் எங்கே போகிறது?

இரண்டு இடத்துக்குப் போகிறது. ஒன்று, ஸ்ட்ரிங்குகளுக்கு நடுவே. பந்து படும்போது மெயின்கள் பக்கவாட்டில் வழுக்கி நகர்ந்து, பந்து கிளம்பும் முன் சட்டென்று தன் இடத்துக்குத் திரும்பும். ஸ்பின்னில் பெரிய பங்கு அந்தத் திரும்புதலுக்குத்தான். மெயினும் அதன் குறுக்கே ஓடும் க்ராஸும் சந்திக்கும் இடம் வழவழப்பாக இருந்தால்தான் அது நடக்கும். களிமண் தரையில் அந்தச் சந்திப்பில் ஈரத்தோடு செங்கல் தூளும் சேர்ந்து ஒரு குழம்பு உண்டாகும். கண்ணுக்குப் பக்கத்தில் ராக்கெட்டைக் கொண்டுவந்து பாருங்கள், ஒவ்வொரு சந்திப்பிலும் சிவப்பாக ஒரு சிறு திட்டு ஒட்டியிருக்கும். அது உப்புத்தாள் மாதிரி. ஒவ்வோர் அடிக்கும் ஸ்ட்ரிங்கைக் கொஞ்சம் அறுக்கும்.

இன்னொன்று, ஸ்ட்ரிங்குக்கு உள்ளேயே. இங்கேதான் பொருளுக்குப் பொருள் வித்தியாசம். பாலியெஸ்டர் எவ்வளவு நேரம் ஊறினாலும் தன் எடையில் அரை சதவீத அளவுக்குத்தான் நீர் எடுக்கும். நைலான் முழுக்க ஊறினால் 8, 9 சதவீதம் வரை எடுக்கும். குடல் நரம்போ மாட்டு உடம்பில் ஈரத்தோடு இருந்த பொருள். அதை உலர்த்தி இறுக்கி வைத்திருக்கிறோம். தண்ணீர் கிடைத்தால் பழைய நிலைக்கே போகப் பார்க்கும்.

இதை நினைவில் வைக்க எளிய வழி ஒன்று உண்டு. பல் துலக்கும் பிரஷ்ஷின் இழைகள் நைலான். காலையில் காய்ந்திருக்கும்போது விறைப்பாகவும் நனைந்த பிறகு மென்மையாகவும் இருக்கும். மீன் பிடிக்கிறவர்களுக்கும் தெரியும், தூண்டில் நரம்பு ஊறிய பிறகு இளகி நீளும். தண்ணீர் பாட்டிலோ பாலியெஸ்டர் குடும்பம். வருஷக்கணக்கில் தண்ணீர் நிரப்பி வைத்தாலும் அசையாது. உங்கள் ராக்கெட்டில் இருப்பது பிரஷ்ஷா பாட்டிலா என்று கேட்டுக்கொண்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

நேச்சுரல் கட்

டென்னிஸ் உலகில் இதற்கு இன்னும் நிகர் இல்லை என்பதுதான் என் எண்ணம். 1875-இல் பிரான்சின் லியோன் நகரத்து பாபோலாட் நிறுவனம் டென்னிஸுக்கென்று முதல் குடல் நரம்பைச் செய்தது. அதற்கு முன் அவர்கள் இசைக்கருவிகளுக்கு நரம்பு செய்துவந்தவர்கள். இன்றைக்கும் கட்டிய டென்ஷனை, அதாவது இறுக்கத்தை, நீண்ட நாள் பிடித்து வைப்பதிலும், அடியின் அதிர்ச்சியைக் கைக்கு வராமல் விழுங்குவதிலும், சின்ன வீச்சுக்கே பந்தைத் தள்ளிக் கொடுப்பதிலும் வேறெந்தப் பொருளும் அதை எட்டவில்லை. ஈரத்துக்கு வேண்டிய ஆழம், கை சுகம் இரண்டுமே இதில் இருக்கின்றன. மூன்றாவதில்தான் தோற்றுப்போகிறது.

குடலின் மெல்லிய சவ்வைக் கீற்றுக் கீற்றாக எடுத்து, பலவற்றைச் சேர்த்து முறுக்கி, உலர்த்தி, இழைத்து, மேலே ஒரு பூச்சுக் கொடுத்துச் செய்கிறார்கள். கீற்றுகளுக்கு நடுவே நீர் போனால் முறுக்கு தளரும், நரம்பு உப்பும், டென்ஷன் இறங்கும். காய்ந்த பிறகு பிரிந்த இழை திரும்ப ஒட்டாது.

இப்போதைய பூச்சுகள் நல்லவை, லேசான தூறலைத் தாங்கும் என்று கடைக்காரர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் அது புது நரம்புக்குத்தான் பொருந்தும். மெயினும் க்ராஸும் உரசும் இடத்தில் முதல் சில ஆட்டங்களிலேயே பூச்சு தேய்ந்துவிடுகிறது. எந்த இடத்தில் நரம்பு ஏற்கெனவே பலவீனமாகிறதோ அதே இடத்தில் தண்ணீருக்கும் கதவு திறந்துவிடுகிறது. முடிச்சுக்குப் பக்கத்தில் வெட்டிய நுனியிலும் பூச்சு கிடையாது. நான் இழந்த அந்த நரம்பு நாலு ஆட்டம் ஆடியது என்று முதலில் சொன்னேன் அல்லவா, பிடித்து ஆடாத புது நரம்பாக இருந்திருந்தால் அந்த இரண்டு கேமைத் தாங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

காற்றில் மட்டும் ஈரம், பந்து லேசாகக் கனக்கிறது, மழை இல்லை என்ற நிலையில் நல்ல பூச்சுள்ள குடல் நரம்பு ஆடும். சொட்டு விழுந்தால் பைக்குள் போகவேண்டும். ஸ்ட்ரிங்குகளிலேயே அதிக விலை இதற்குத்தான் என்பதால், ஈர நாளைக்கென்று இதைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. கை வலி மிக அதிகமாக இருந்து, வேறு எதையும் கை ஏற்காதவர்கள் மட்டும் விதிவிலக்கு. அவர்களுக்கும் நான் சொல்வது, ஈர நாளில் ஆடவேண்டாம் என்றுதான்.

நைலான்: சிந்தெடிக் கட்டும் மல்டியும்

நைலானில் இரண்டு சாதி. சிந்தெடிக் கட் என்பது நடுவில் ஒரு கெட்டியான தண்டு, சுற்றிலும் மெல்லிய இழைச் சுற்று. பிரின்ஸின் டூராஃப்ளெக்ஸ் இந்த வகையில் பலரும் அறிந்தது. மல்டிஃபிலமென்ட் என்பது தலைமுடியைவிட மெல்லிய நூற்றுக்கணக்கான இழைகளை ஒன்றாக முறுக்கி, பாலியூரித்தேன் போன்ற பசையால் பிடித்து வைத்தது. வில்சன் என்எக்ஸ்டி, டெக்னிஃபைபர் எக்ஸ்-ஒன் பைஃபேஸ், ஹெட் வெலாசிட்டி எல்லாம் இதில் வரும். கைக்கு மெத்தென்று இருப்பது மல்டி. ஆழமும் அதில்தான் கூட.

ஈரத்தில் இவை எப்படி? இங்கே எனக்கே ஒரு தவறான எண்ணம் ரொம்ப நாள் இருந்தது. நைலான் 9 சதவீதம் நீர் குடிக்கும் என்று படித்ததும், அரை மணி தூறலில் ஸ்ட்ரிங் தொளதொளத்துவிடும் என்று பயந்தேன். அப்படி நடப்பதில்லை. கெட்டியான நைலானுக்குள் நீர் மிக மெதுவாகத்தான் இறங்கும். ஒன்றே கால் மில்லிமீட்டர் தண்டு முழுக்க ஊற நாட்கணக்கில் ஆகும். அரை மணித் தூறலில் நனைவது மேல்தோல் மட்டுமே. அதனால் அன்றைய ஆட்டத்தில் சிந்தெடிக் கட் பெரிதாக மாறாது.

ஆபத்து ஆட்டம் முடிந்த பிறகு. நனைந்த துண்டு, நனைந்த சட்டை, நனைந்த ஷூவோடு ராக்கெட்டையும் ஒரே பையில் போட்டு ஜிப்பை மூடி ஒரு வாரம் வைப்போம். அந்த ஒரு வாரம் பைக்குள் இருப்பது நீராவி அறை. நைலானுக்கு வேண்டிய நாட்கள் அங்கேதான் கிடைக்கின்றன. அடுத்த வாரம் எடுத்து ஆடினால் 'போன வாரம் நன்றாக இருந்ததே, இப்போது பந்து ஏன் பறக்கிறது?' என்று தோன்றும். மழைக் காலம் முழுக்க ஈரக் காற்றில் தொங்கும் ராக்கெட்டுக்கும் இதே கதி. ஆக நைலானை வைத்து ஆடுகிறவருக்குத் தூறலைவிடப் பை பெரிய எதிரி.

மல்டியில் இன்னொரு சிக்கல் உண்டு. இழைகள் பிரிய ஆரம்பித்ததும் அவற்றுக்கு நடுவே உள்ள சந்துகளில் நீர் விரைவாக ஏறுகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரிதான். அதனால் புது மல்டியும் பாதி தேய்ந்த மல்டியும் ஈரத்தில் ஒரே மாதிரி நடப்பதில்லை. தேய்ந்தது அன்றைக்கே இளகும். மேலே சிலிக்கான் பூச்சுள்ள மல்டிகள் புதிதில் நீரை உருட்டி விட்டுவிடுகின்றன, தேய்ந்த பிறகு அவற்றுக்கும் பிறவற்றுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. இன்னொன்று, பிரிந்த இழைகளில் களிமண் குழம்பு ஒட்டினால் மெயின்கள் நகர்ந்த இடத்திலேயே நின்றுவிடும். ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் விரலால் நேராக்கிக்கொண்டே இருக்கவேண்டும். ஸ்பின்னை நம்பி ஆடுகிறவருக்கு அது பெரிய தொந்தரவு. தட்டையாக அடித்து, நெட்டுக்கு ஓடி வாலி போடும் டபுள்ஸ்காரருக்கு அவ்வளவாகத் தெரியாது.

கை வலி உள்ளவர், வாரம் ஒருமுறை ஆடுகிறவர், ஸ்பின் அதிகம் போடாதவர் இவர்களுக்கு ஈர நாளைக்கு நான் சொல்வது 1.30 மில்லிமீட்டர் சிந்தெடிக் கட். மல்டியைவிடக் கொஞ்சம் கடினம்தான், ஆனால் விலை குறைவு. மழைக் காலம் முழுக்க ஒன்றையே இழுத்துக்கொண்டிருக்காமல் மனசு நோகாமல் அறுத்துப் போட்டுப் புதிது கட்டலாம். ஈரத்தில் அதுதான் முக்கியம்.

பாலியெஸ்டர்

1997-இல் குகா கூர்ட்டன் உலகத் தரவரிசையில் 66-ஆம் இடத்திலிருந்து வந்து பிரெஞ்ச் ஓபனை வென்றபோது அவர் கையில் இருந்தது லக்ஸிலானின் பாலி ஸ்ட்ரிங். அதற்கப்புறம் களிமண் ஆட்டமே மாறியது. நடால் பல வருடம் ஆடிய பாபோலாட் ஆர்பிஎம் பிளாஸ்டும் பாலிதான்.

நீரைப் பொறுத்தவரை பாலிக்கு ஒன்றுமே ஆகாது. ஒரே கெட்டி இழை, உள்ளே சந்து கிடையாது, பொருளே நீரை எடுக்காது. துண்டால் ஒரு துடைப்பு துடைத்தால் முடிந்தது. களிமண் குழம்பு ஒட்டினாலும் வழவழப்பான மேல்பரப்பில் நிலைப்பதில்லை, மெயின்கள் தம் இடத்துக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். சரி, அப்படியானால் எல்லாரும் பாலி கட்டிவிட வேண்டியதுதானே?

இல்லை. பாலி விறைப்பானது, குளிரில் இன்னும் விறைக்கும். கனத்த பந்தை விறைத்த ஸ்ட்ரிங்கால் அடிக்கும்போது அந்த அதிர்ச்சி முழுக்க முழங்கைக்கு வருகிறது. டென்னிஸ் எல்போ வந்தவர்களைக் கேளுங்கள், ஈர நாட்களில் பாலியோடு ஆடியதை மறக்கமாட்டார்கள். அதோடு பாலி தானாகப் பந்தைத் தள்ளித் தராது, நீங்கள்தான் வேகமாக வீசவேண்டும். பந்து பறக்காத நாளில் இது இரட்டைச் சுமை. மூன்றாவது, பாலியின் டென்ஷன் மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். பத்துப் பதினைந்து மணி நேரம் ஆடிய பிறகு அறுந்திருக்காது, ஆனால் உயிர் போயிருக்கும். 'நீரில் கெடாது' என்பதை 'கெடவே கெடாது' என்று எடுத்துக்கொண்டு மூன்று மாதம் ஒரே பாலியோடு ஆடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்கள் கையை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

பாலிக்குள்ளும் தேர்வு இருக்கிறது. ஆர்பிஎம் பிளாஸ்ட் எண்கோணம், சொலின்கோ ஹைப்பர்-ஜி சதுர வாகு. இந்த முனைகள் காய்ந்த ஃபெல்ட்டைக் கவ்விப் பிடித்து ஸ்பின் தரும். நனைந்து படிந்த ஃபெல்ட்டில் அந்தக் கவ்வல் எனக்கு அவ்வளவாகக் கிடைக்கவில்லை. அதனால் ஈரத்துக்கு வட்டமான, மென்மையான பாலியையே விரும்புகிறேன். யோனெக்ஸ் பாலி டூர் ப்ரோ அப்படிப்பட்டது. தடிமன் 1.25 போதும். 1.30 எடுத்தால் விறைப்பு கூடும், நீரில் கெடாத பொருளுக்கு அந்தத் தடிமன் தேவையில்லை.

அதிகம் பேசப்படாத இரண்டு

ஆஷவே மோனோகட் இசட்எக்ஸ் என்றொரு ஸ்ட்ரிங் இருக்கிறது. சைக்ஸ் என்னும் பொருளில் செய்தது, வேதியியலில் அதைப் பீக் என்பார்கள். நீர் எடுப்பது பாலியைப் போலவே மிகக் குறைவு, ஆனால் விறைப்பு பாலியைவிட வெகு குறைவு. பார்க்கப் பாலி மாதிரி வழவழப்பான ஒற்றை இழை, அடித்தால் மல்டி மாதிரி துள்ளல். கை வலியும் ஈரமும் சேர்ந்து வாட்டுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது. துள்ளல் அதிகம் என்பதால் காய்ந்த நாளில் பந்து நீளமாகப் போகும், கொஞ்சம் கூடுதல் டென்ஷன் கேட்கும். ஈர நாளில் அந்தத் துள்ளலேதான் நமக்கு வேண்டிய ஆழம். கடைகளில் எளிதில் கிடைக்காது என்பது ஒரே குறை. கட்டும்போது நிறைய நீளும், அவசரப்படாமல் இழுக்கும் ஸ்ட்ரிங்கரிடம் கொடுங்கள்.

இன்னொன்று கெவ்லார். நீரும் எடுக்கும், கல் மாதிரியும் இருக்கும். ஈரத்துக்கு வேண்டாம்.

ஹைப்ரிட்

மெயினுக்கு ஒன்று, க்ராஸுக்கு ஒன்று. ஃபெடரர் மெயினில் குடல் நரம்பும் க்ராஸில் லக்ஸிலான் பாலியும் கட்டி ஆடியவர். அதைப் பார்த்து அப்படியே கட்டிக்கொண்டு தூறலில் இறங்குகிறவர்கள் ஒன்றை யோசிக்கவேண்டும். அவர் ஒன்பது கேமுக்கு ஒருமுறை பந்து மாறும்போது புது ராக்கெட்டை எடுப்பார். நமக்கு ஒன்றோ இரண்டோதான். அதோடு அசைவது, தேய்வது, அறுவது எல்லாம் பெரும்பாலும் மெயின்தான். அந்த இடத்தில் நீருக்குப் பயப்படும் பொருளை வைத்தால் ஹைப்ரிட்டால் நீருக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை.

ஈரத்துக்கு அதைத் திருப்பிப் போடவேண்டும். மெயினில் மென்மையான பாலி, க்ராஸில் சிந்தெடிக் கட். மெயின் நீரில் அசையாது, வழுக்கித் திரும்பும். க்ராஸ் கொஞ்சம் இளகினாலும் அதனால் கைக்கு மெத்தென்றுதான் ஆகும். முழுப் பாலியை வைத்து ஆடிக் கை லேசாகக் கடுக்க ஆரம்பித்தவர்களுக்கு இதுதான் நல்ல நடுவழி. க்ராஸில் மோனோகட் கட்டினால் இன்னும் நல்லது.

டென்ஷன்

எந்த ஸ்ட்ரிங் என்று தேர்ந்தெடுத்துவிட்டு டென்ஷனை மாற்றாமல் விட்டால் பாதி வேலைதான் முடிந்தது. டென்ஷன் குறைந்தால் பந்து ஆழமாகப் போகும், கைக்கும் சுகம். பாலியிலும் மோனோகட்டிலும் ஈர நாளுக்கு 2 அல்லது 3 பவுண்டு இறக்கிக் கட்டச் சொல்லுங்கள். வழக்கமாக 51 என்றால் 48. ஹைப்ரிட்டில் பாலி மெயினை மட்டும் இறக்கினால் போதும்.

நைலானில் இறக்காதீர்கள். ஈரக் காற்று நிறைந்த காலத்தில் அது தானாகவே இறங்கும். கடையில் 54-க்குக் கட்டியது இரண்டு வாரத்தில் எங்கே நிற்கும் என்று சொல்லமுடியாது. நாமும் இறக்கி, காற்றும் இறக்கினால் பந்து கட்டுப்பாட்டில் நிற்காது. குடல் நரம்புக்கும் இதே விதிதான்.

இரண்டு ராக்கெட் இருந்தால் இந்தத் தலைவேதனை பாதியாகக் குறையும். என் பையில் ஒன்றில் குடல் நரம்பு, இன்னொன்றில் பாலி மெயினும் சிந்தெடிக் கட் க்ராஸும். இரண்டாவதின் கைப்பிடி அடியில் நீல டேப் ஒரு சுற்று சுற்றியிருக்கிறேன், தூறல் விழுந்ததும் தேடாமல் எடுப்பதற்கு. ஒரே ராக்கெட்தான், கை நன்றாக இருக்கிறது, வாரம் மூன்று நாள் ஆடுகிறேன் என்றால் வட்டப் பாலியை இறக்கிக் கட்டி, உயிர் போனதும் மாற்றிவிடுங்கள். ஒரே ராக்கெட், கையும் சரியில்லை என்றால் மோனோகட், அது கிடைக்காவிட்டால் சிந்தெடிக் கட். பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு முழுப் பாலி வேண்டாம் என்பேன். வளர்கிற கையில் கனத்த பந்தின் அதிர்ச்சியை ஏற்றவேண்டிய அவசியம் இல்லை.

ஆடி முடித்ததும்

காய்ந்த துண்டால் ஸ்ட்ரிங்கை இரண்டு பக்கமும் துடையுங்கள். சந்திப்புகளில் களிமண் இருந்தால் காய்ந்த பழைய பல் பிரஷ்ஷால் தட்டி விடுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவவேண்டாம். ராக்கெட்டைப் பைக்கு வெளியே, நிழலில், காற்றுப் படும்படி மாட்டுங்கள். வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காய வைத்தால் சூட்டில் டென்ஷன் இன்னும் இறங்கும். துண்டும் ஷூவும் வேறு பையில் போகட்டும்.

குடல் நரம்பு நனைந்து இழை பிரிந்திருந்தால், ஒரு மெயின் அறுந்திருந்தால், மற்றதை அப்படியே விட்டு வைக்காதீர்கள். ஒரு பக்கம் தளர்ந்து மறுபக்கம் இழுத்துக்கொண்டிருந்தால் ஃப்ரேமுக்குக் கேடு. எந்த ஸ்ட்ரிங் அறுந்தாலும் இதேதான். கத்தரியை நடுவில் வைத்து, ஒரு மெயின், ஒரு க்ராஸ் என்று மாற்றி மாற்றி, நடுவிலிருந்து வெளிப்பக்கம் நோக்கி அன்றைக்கே வெட்டி எடுத்துவிடுங்கள்.